ஓர் ஆளுக்கான அறை

வாடகைக்கு எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் அக்கா முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதை அப்படியே தரையில் ஊற்றிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அச்சில் வார்த்து எடுத்த, ஈரம் காயாத பச்சை மண் பொம்மை சமமான தரையில் நின்று காயாவிட்டால் கோணிப்போகும். கழுவுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை என்றால் நாள் முழுக்கச் சேற்றில் நிற்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் அவள் விளக்கிச் சொல்வதில்லை. வீட்டுக்காரர் முகம் மாறுவதையும் கவனிக்க மாட்டாள். அதைக் கவனித்து, சிரித்து, சமாதானம் சொல்வது என் வேலையாக இருந்தது.

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை கம்பெனியில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் முதல் நாளே அக்கா ஆகிவிட்டாள். அவள் வெள்ளை மண் கரைசலை அச்சுகளில் ஊற்றி வார்ப்பாள். நான் பிசிறு தேய்த்து, சூளையிலிருந்து வந்தபின் கண்ணும் வாயும் வரைவேன். அவளுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அதிலிருந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கென்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், எல்லாரும் டிவி பார்த்து முடித்தபின் கூடத்தில் விரிக்கும் பாயும்தான். அண்ணியைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் கம்பெனிக்கு வந்துவிடுவாள், அவ்வளவுதான்.

கம்பெனி முதலாளி வயதாகி, மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போக முடிவு செய்தபோது எங்களைக் கூப்பிட்டு, "அச்சையெல்லாம் நீங்களே எடுத்துக்குங்கம்மா. நான் வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறேன்" என்றார். நாற்பது, ஐம்பது அச்சுகள் இருக்கும். கன்றோடு பசு, உட்கார்ந்த பிள்ளையார், செட்டியார் தம்பதி, அகல் விளக்கில் நாலைந்து வகை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே தனியாகத் தொழில் செய்வது என்று முடிவாகிவிட்டது. சூளை கட்டத் தேவையில்லை. பேட்டையில் இருந்த பொதுச் சூளையில் கட்டணம் கட்டினால் சுட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கூரை, தண்ணீர், காற்று வரும் சுவர். மாதக் கடைசிக்குள் அச்சுகளை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், கட்டடத்தைக் குடோனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் தாராளம் என்று நினைத்தோம்.

பேட்டைக்குள் காலியாகக் கிடந்த கொட்டகைகள் எல்லாம் எங்களுக்குப் பெரியவை. பாதியை மட்டும் தருவீர்களா என்று கேட்டால், பாதிக்கு எப்படிப் பூட்டுப் போடுவது என்று திருப்பிக் கேட்டார்கள். ஊருக்குள் வந்தால், மண் என்ற சொல்லைக் கேட்டதுமே சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்றார்கள். கடைவீதியில் ஒருவர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். இன்னொருவர் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரர் யாரும் வரலீங்களா?" என்றார். தூரமாகப் போகவும் முடியாது. சுடாத பொம்மை அப்பளம் மாதிரி, ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் நாலு மூக்கு போய்விடும். அதனால் இடத்துக்கும் சூளைக்கும் நடுவே எத்தனை வேகத்தடை என்று எண்ணிவிட்டுத்தான் அக்கா உள்ளேயே நுழைவாள்.

ஓர் இடம் எல்லா வகையிலும் பொருந்தி வந்தது. இரண்டு கடைகள், பின்னால் கிணறு. அந்த மனிதர் வாடகையைக்கூடக் குறைத்துக்கொண்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மனிதர், "நீங்க எந்தத் தெருங்க?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தெருவின் பெயரைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். அக்கா டீயை முழுக்கக் குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். தெருமுனை திரும்பினோம். பிறகு, "அவருக்குத் தம்பி கெடயாதுடி. மூணும் தங்கச்சிங்கன்னு தண்ணி குடுக்கும்போது அந்தம்மா சொல்லிச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால் வலித்தது. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மங்கலம்பேட்டை போகும் சாலையில் ஒரு பாதி கட்டிய வீடு கிடைத்தது. வீடு, வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவருடையது. அவருடைய அண்ணன் மங்கலம்பேட்டையில் கடை வைத்திருந்தார், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். தம்பி அனுப்பும் பணத்துக்கு ஏற்ப அவர்தான் கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக்கொண்டிருந்தார். கூரை போட்டிருந்தது, கதவும் ஜன்னலும் இல்லை. அக்கா தண்ணீர் ஊற்றியபோது பாயும் அவள் பக்கத்தில் குனிந்து, "நல்லா ஊத்துங்கம்மா. கொத்தனார் என்ன லட்சணத்துல பூசி வச்சிருக்கான்னு நானும் பாத்துக்கிறேன்" என்றார். ஒரே நிபந்தனைதான் சொன்னார். "தம்பி வந்தான்னா காலி பண்ணிடணும். எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது."

அங்கே நான்கு வருடம் இருந்தோம். வாசலுக்குத் தார்ப்பாய் கட்டினோம், ஜன்னலுக்குப் பழைய சேலை. வார்த்த பொம்மையை அடுக்கச் சாரப் பலகைகளை விலைக்கு வாங்கினோம். அக்கா சுவரில் ஓர் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள். அதற்குக் கீழே சீப்பு, பவுடர் டப்பா, ஒரு மாற்றுச் சேலை. மண் வேலை செய்கிற இடத்தில் பவுடர் எதற்கு என்று கேட்டதற்கு, டப்பாவைத் துடைத்து நேராக வைத்தாள். ஒரு பொங்கலன்று, மறந்து வைத்த என் வீட்டுச் சாவியை எடுக்கப் போனேன். அவள் அங்கே இருந்தாள். வேலை எதுவும் செய்யவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டு, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "சும்மாதான்டி வந்தேன். எங்க போறன்னு கேக்க ஆளில்லாத எடம் இதானே" என்றாள். அந்த இடத்துக்கு நாங்கள் கொடுத்த வாடகை எனக்குத் தொழிற்செலவு. அவளுக்கு அது வேறு என்னவோ என்று அன்றுதான் புரிந்தது.

பாயின் தம்பி ஐப்பசி மழையில் வந்தார். வேலை போய்விட்டது. கார்த்திகைக்காகப் புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு விளக்கு வார்த்துக் குவித்திருந்தோம். ஈரக் காற்றில் எதுவும் காயவில்லை. கூடம், சமையலறை, மாடிப்படி எங்கும் பலகை, பலகை முழுக்கப் பச்சை விளக்கு. கையால் தூக்கினால் விரல் பதியும் நிலையில் இருந்தன. அதுவரை தாய் வீட்டில் இருந்த அவர் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் சூட்கேஸ்களோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்க, பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தம்பிதான் உள்ளே வந்தார். விளக்குகளுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்து, தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இது காய எத்தன நாளாகும்?" என்று கேட்டார். வெயில் அடித்தால் பத்து நாள், இல்லாவிட்டால் தெரியாது என்றேன். "காயட்டும். அதுவரைக்கும் அண்ணன் வூட்டுல இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

இருபது நாள் ஆனது. அவர் தினமும் காலையில் வந்து ஒரு மூலையில் நிற்பார். எங்களை அவசரப்படுத்த வருகிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை, வேறு போக்கிடம் இல்லை. வளைகுடாவில் எப்படி இருந்தீர்கள் என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். "பத்து பேரு ஒரே ரூம்புமா. எனக்குன்னு ஒரு கட்டிலு. அதுவும் மேல்கட்டிலு" என்றார். மறுநாள் அக்கா பொழுது விடியும்போதே வந்து, அரைகுறையாகக் காய்ந்த விளக்குகளைத் தவிட்டுக்கு நடுவே அடுக்க ஆரம்பித்தாள். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே என்றதற்கு, "அந்த மனுசன் ஒரு கட்டில்லேருந்து எறங்கி வந்திருக்காருடி. அவரு வூட்டுக்கு அவரு வரட்டும்" என்றாள். கால்வாசி விளக்கு சூளையில் வெடித்தது. கண்ணாடியை அவளே கழற்றி, சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் தேடியது முதல் தடவை மாதிரி இல்லை. முதல் தடவை எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. இப்போது அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, எனக்கு வாய் கூசியது. அச்சுகள் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் மாடிப்படிக்குக் கீழும் கிடந்தன. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டும் என் கணவர் ராத்திரி வந்தால் அச்சுகளில் கால் படாமல் பார்த்து நடந்தார். அதுகூட எனக்குப் பாரமாக இருந்தது. திட்டக்குடி வரை போய்ப் பார்த்தோம். ஒரே கதையை ஒரே சிரிப்போடு எத்தனை பேரிடம் சொல்வது? நாங்கள் இரண்டு பேர், பொம்மை செய்கிறோம், புகை வராது, சத்தம் வராது, தண்ணீரை வடிகட்டித்தான் விடுவோம். கடைசியில் ஒரு வீட்டுவாசலில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தரையில் ஊற்றவில்லை.

இரண்டரை மாதம் கழித்துக் கிடைத்தது ஓர் அறை. பேட்டைக்குள்ளேயே, மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் அறை. ஜெனரேட்டரை விற்றுவிட்டிருந்தார்கள். வாடகை எங்களுக்குத் தாங்கும். பொதுச் சூளை எதிரிலேயே இருந்தது, ஒரு வேகத்தடைகூட இல்லை. ஆனால் பத்துக்குப் பத்துதான். அக்கா எங்கிருந்தோ ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து, தரையில் கோடு போட்டாள். இங்கே மண் தொட்டி, இங்கே அச்சு மேசை, இந்தச் சுவர் முழுக்கப் பலகை, இங்கே வர்ணம், இது நீ உட்காரும் ஸ்டூல். கோடு போட்டு முடித்து நிமிர்ந்தாள். "உன் ஸ்டூலு?" என்றேன். "ஒண்ணுதான்டி புடிக்கும்" என்றாள். பிறகு, பக்கத்துத் தெருவில், மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பேசிவிட்டதாகவும், திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அறையைப் பார்க்க வருவதற்கு முன்பே அவள் அதைப் பேசி முடித்திருக்கிறாள்.

வேண்டாம் அக்கா என்றேன். மாற்றி மாற்றி வேலை செய்யலாம் என்றேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. இதை எழுதுவதே அந்த மூன்றாவது முறைக்காகத்தான். அவளுக்கு என்ன போய்விடும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் காலை நீட்டி அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் அன்று என் மனதுக்குள் ஓடியது, இனிமேல் தேட வேண்டாம் என்ற ஒன்றுதான். அப்படி ஓர் அசதி. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள்.

அந்த அறையில் மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். வார்ப்பதும் நான்தான், வரைவதும் நான்தான். அவள் காக்கி மேல்சட்டை போட்டுக்கொண்டு இன்சுலேட்டர்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறாள். மத்தியானம் சில நாள் டீக்கடையில் பார்த்துக்கொள்வோம். இந்த வருடம், அதே வரிசையில் ஒரு சிறிய கொட்டகை காலியானது. இரண்டு பேர் தாராளமாக வேலை செய்யலாம், பின்பக்கம் வெயில் விழும் திட்டு ஒன்று உண்டு. ஆர்டர்களும் கொஞ்சம் நிலையாக வருகின்றன. அவளிடம் ஓடினேன். டீயை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"வேணாம்டி. இங்க மாசமானா சம்பளம் வருது."

"மண்ணு அலுத்துப் போச்சாக்கா?"

"மண்ணு அலுக்கல. கேட்டுக் கேட்டுதான் அலுத்துப் போச்சு. இன்னொரு தடவ ஒருத்தரு காலி பண்ணுன்னு சொல்லிக் கேக்க எனக்கு தெம்பு இல்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கொட்டகைக்காரரும் ஒரு நாள் சொல்லத்தான் போகிறார். மறுநாள் தனியாகப் போய் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். உரிமையாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தன பேருங்க வேல செய்வீங்க?" என்று கேட்டார். வாய் தானாகவே "ரெண்டு பேரு" என்றது. அவர் அதையும் எழுதிக்கொண்டு, பெயர் கேட்டார். அக்காவின் முழுப் பெயரைச் சொன்னேன். அவளுடைய தெருவையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் டீக்கடையில் இதை அவளிடம் சொன்னபோது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எதுக்குடி பொய் சொன்ன?" என்றாள், அவ்வளவு மெதுவாக. கம்பெனி மணி அடித்தது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேல்சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். நாலு அடி நடந்தவள் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான்" என்றாள்.