வேட்டைக்காரர் கழகத்தில் வாக்கு எண்ணியவள்

1. முதல் நாள்

பலேர்மோவில் சீசா பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்த வேட்டைக்காரர் கழகம் இருக்கிறது. பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மண்டபம், ஒரு குசினி, ஒரு கழிப்பறை, சுவரில் கண்ணாடிக் கண்ணோடு ஒரு பன்றித் தலை. அந்தத் தலைக்கு வாரம் ஒருமுறை தூசு தட்டுவதும் என் வேலைக்குள் அடக்கம். கூட்டுவது, கழுவுவது, கோப்பி போடுவது, ஞாயிறுகளில் சமைப்பது என்று பதினாறு வருடம் அங்கே இருந்தேன். போன மாதம்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது இப்படியான இடங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் பேசியதெல்லாம் இத்தாலியனில். என் மண்டைக்குள் அது எங்கள் தமிழில்தான் பதிந்திருக்கிறது, அப்படியே தருகிறேன்.

முதல் நாள் என்னை விசாரித்தவர் தலைவர் சால்வோ. முன்பு நில அளவையாளராக இருந்தவர்.

"உமக்குத் துவக்கெண்டால் பயமோ?"

"துவக்குக்குப் பயமில்லை. அதை வைச்சிருக்கிற ஆளைப் பார்த்துத்தான் சொல்லலாம்."

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் என்பது அவருக்கு அப்போது தெரியாது. சிரித்தார். பெயர் கேட்டார். மாலதி என்றேன். அது அவர்கள் வாயில் அன்றே 'மாலா' ஆயிற்று. அந்த ஊரில் மாலா என்றால் பாதாள உலகக் கும்பல். "மாலா கோப்பி கொண்டு வருது" என்று யாராவது கத்தினால் மண்டபமே சிரிக்கும். பதினாறு வருடமும் அதே பகிடி, அதே சிரிப்பு. வேட்டைக்காரருக்குப் புதுப் பகிடி பிடிபடுவது குறைவு.

2. ஒரே வரிசை

துவக்கு வைத்திருப்பவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குவெஸ்தூரா, அதாவது பொலிஸ் தலைமையகம், போக வேண்டும். நான் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனதும் அதே குவெஸ்தூராதான். அவர்கள் துவக்கை வைத்திருக்க வரிசையில் நின்றார்கள். நான் என்னை வைத்திருக்க நின்றேன். எந்த யன்னலில் எந்தக் கடிதம், எந்த அலுவலருக்குக் காலையில் கோபம் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போகப் போகக் கழகத்தில் பாதிப்பேர் என்னிடம்தான் ஆலோசனை கேட்டார்கள்.

"மாலா, மூண்டு மணித்தியாலம் நிக்க வைச்சிட்டாங்கள். நாங்கள் என்ன கள்ளரோ?" என்று ஒருநாள் சால்வோ பாய்ந்தார்.

"மூண்டு மணித்தியாலமோ? உங்களைக் கெதியா விட்டிட்டினம்" என்றேன்.

பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணத்துக்கு அரைநாள் லீவு கேட்டேன். சால்வோ கட்டிப்பிடித்து வாழ்த்தினார். கையை எடுக்க முதலே, "அப்ப நீரும் எங்கட கட்சிக்கு ஒரு வோட்டு" என்றார்.

கழகத்தில் எல்லோரும் அவருடைய கட்சிதான், ஒருவரைத் தவிர. ஓய்வுபெற்ற ஆசிரியை ஜூசி. அங்கே துவக்குப் பிடித்த ஒரே பெண். மற்றவர்களைவிடக் குறி தப்பாதவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவருடைய கட்சி வேட்டையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும். அவர் கட்சி அட்டையையும் வேட்டை அனுமதியையும் ஒரே பர்சில் வைத்திருந்தார்.

"ரெண்டும் உள்ளுக்கை சண்டை பிடிக்காதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுதான் பர்ஸ் இப்பிடிக் கிழிஞ்சு கிடக்கு" என்றார்.

3. மூன்று தட்டு

பிராந்தியத் தேர்தல் வந்தது. சால்வோவின் கட்சி வேட்பாளர் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவதாகச் சொன்னார். அன்று காலை மலையில் ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டு விழுத்தியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். வேட்பாளர் மூன்று தட்டுச் சாப்பிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார். வேட்டைக்காலத்தை நீட்டுவோம் என்றார், கைதட்டல். மாநகர வீடுகள் முதலில் எங்கள் ஆட்களுக்கு, பிறகுதான் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு என்றார். அதற்கும் கைதட்டல், கொஞ்சம் மெதுவாக. ஏனென்றால் நான் நான்காவது தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முள்ளுக்கரண்டியை உயர்த்தி, "உங்களை இல்லை சின்யோரா. மற்ற ஆக்களைத்தான்" என்றார்.

"என்ர தங்கச்சியும் மாநகர வீட்டுக்கு எழுதிக் குடுத்திட்டுக் காத்திருக்கிறாள். அவளும் மற்ற ஆக்களில ஒராள்" என்றேன். தட்டை அவருக்கு முன்னால் வைக்காமல் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய புரட்சி என்னால் செய்ய முடியவில்லை.

பிறகு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சால்வோ தன் இரட்டைக் குழல் துவக்கை உறையிலிருந்து எடுத்து, மடித்து, குழல் இரண்டும் வெறுமை என்று காட்டிக் கொடுத்தார். துவக்குக்காரரின் மரியாதை அது. வேட்பாளர் அதைப் படாரென்று மூடினார். விசையில் விரலை வைத்தார். கமராவைப் பார்த்துச் சிரித்தபடி குழலை மேசைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். இருபத்தைந்து வேட்டைக்காரர் ஒன்றாகக் குனிந்ததை அன்றுதான் கண்டேன். ஒருவருடைய மூக்கு குழம்புக்குள் போயிற்று.

"வெறுந்துவக்குத்தானே!" என்று வேட்பாளர் சிரித்தார்.

சால்வோ துவக்கை வாங்கினார். மறுபடி மடித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

4. இருபத்தேழு சீட்டு

அடுத்த வெள்ளி கூட்டம். கழகம் இந்த வேட்பாளரை ஆதரிக்கிறதா? ஆதரித்தால் அவருடைய சுவரொட்டி மண்டபத்தில் தொங்கும், தேர்தல் வரைக்கும் அவருடைய ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். 'எங்கள் ஆட்கள் முதலில்' என்ற எழுத்துக்குக் கீழே நின்று கூட்டுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். ஆம் என்று வந்தால் அன்றே சாவியைக் கொடுத்துவிடுவது. யாருக்கும் சொல்லவில்லை.

சால்வோ எழுந்து கட்சிக்காகப் பேசினார். முப்பது வருட விசுவாசம், தகப்பன் காலத்துக் கட்சி என்று நீட்டினார். ஜூசி எழுந்து, "துவக்கைச் சுழட்டினவனுக்கு ஆதரவோ? வெக்கமில்லையோ?" என்று கிழித்தார். சத்தம் வந்தது. கடைசியில் இரகசிய வாக்கு என்றார்கள்.

"ஆர் எண்ணுறது?"

"மாலா எண்ணட்டும். அவவுக்குத் துவக்கும் இல்லை, கட்சியும் இல்லை."

துவக்கு இல்லை என்பது உண்மை.

ஒரு தொப்பிக்குள் இருபத்தேழு சீட்டு. ஆம் அல்லது இல்லை என்று எழுதி மடித்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் மறந்த ஒன்று உண்டு. இத்தனை வருடமாக எனக்குச் சாமான் பட்டியல் எழுதித் தந்தவர்கள் அவர்கள்தான். இருபத்தேழு பேரின் கையெழுத்தும் எனக்குத் தெரியும். அப்போதுதான் அது எனக்கே உறைத்தது. வேண்டாம் என்று நினைத்தாலும் கண் வாசித்தது.

ஆறாவது சீட்டு 'ஆம்'. வட்டமான பள்ளிக்கூட எழுத்து. ஜூசி.

பதினெட்டாவது 'இல்லை'. நில அளவையாளரின் நேர்க்கோட்டு எழுத்து. சால்வோ.

என் குரல் மாறாமல் வாசித்து முடித்தேன். இரண்டு தரம் எண்ணினேன். ஆம் பதின்மூன்று, இல்லை பதினான்கு. இருவரும் தங்கள் வாய் சொன்னபடி எழுதியிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும். அதை அறிந்தவள் நான் ஒருத்தி மட்டும். சால்வோ தலையில் கைவைத்து, "துரோகியள்!" என்று கத்தினார். நல்லாய்த்தான் கத்தினார்.

5. குசினியில்

கூட்டம் கலைந்த பிறகு ஜூசி குசினிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாலா, என்ர எழுத்து உமக்குத் தெரியும்."

"ஓம்."

"என்ர நாய்க்குப் பதினொரு வயசு. இன்னும் ஒரு சீசன்தான் ஓடும். காலத்தை நீட்டுவம் எண்டு அவன் சொன்னவன். கட்சியைச் சமாளிக்கலாம். அந்த நாயின்ர முகத்தைப் பார்த்து என்னெண்டு இல்லை எண்டு எழுதுறது?"

எனக்குக் கோபம். என் தங்கையைவிட நாய் பெரிதோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவும் கேட்டேன். அவர் கோப்பைகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அவ்வளவு காலத்தில் அங்கே ஓர் உறுப்பினர் கோப்பை துடைத்தது அன்று மட்டும்தான். நான் தடுக்கவில்லை.

சால்வோ ஒரு கிழமை கழித்து வந்தார்.

"கண்டனீர், என்ன?"

"கண்டனான்."

"உமக்காகச் செய்தனான் எண்டு நினைக்காதையும். மூடின துவக்கை ஆக்களுக்கு நேரை பிடிக்கிறவனுக்கு நான் வோட்டுப் போடேலாது. அவ்வளவுதான்."

"சரி."

"உம்மட தங்கச்சிக்கு வீடு கிடைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"ம்" என்றார். சாமான் பட்டியலை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இருவரும் அதைக் கதைக்கவில்லை.

6. பென்சில்

வாக்களிப்புக்கு முதல் நாள் பலேர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "அக்கா, நாளைக்கு எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான் போடுறம். பேரைச் சொல்லுறன், எழுதுங்கோ."

"ஏன் அவருக்கு?"

"அக்கா, அப்பிடித்தான் முடிவெடுத்திருக்கு."

தகப்பன் காலத்துக் கட்சி என்ற சால்வோவை நினைத்து மனதுக்குள் சிரித்த எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. ஊரில் நானும் அப்பா காட்டிய சின்னத்துக்கே புள்ளடி போட்டவள். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. "தம்பி, நான் வாசிச்சுப்போட்டுப் போடுறன்" என்று வைத்துவிட்டேன். எல்லாக் கட்சித் துண்டுப்பிரசுரங்களையும் மேசையில் பரப்பி வாசித்தேன். ஒன்றுகூட முழுதாகப் பொருந்தவில்லை. வீடு சொன்னவர் பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்டார். பள்ளிக்கூடம் சொன்னவர் எங்களைப் பற்றி மூச்சே விடவில்லை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆட்கள் மண்டபத்தில் கத்துவதை வைத்து அவர்களை முடிவு கட்ட வேண்டாம். நல்லவர் என்று நம்பியவர் கைவிடுவார், மற்றவர் தாங்குவார், இரண்டுக்கும் அவர்கள் சொல்லும் காரணம் உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் சீட்டை நீங்களே வாசித்து எழுதுங்கள்.

மறுநாள் வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் தந்த பென்சிலோடு மறைப்புக்குள் போனேன். ஊரில் அரை நிமிடத்தில் முடிகிற வேலை. இங்கே நின்றேன், நின்றேன். வெளியே வரிசை முணுமுணுத்தது. அலுவலர் மறைப்பைத் தட்டினார்.

"சின்யோரா, உள்ளுக்கை ஏதும் பிரச்சினையோ?"

பதற்றத்தில் எனக்கு இத்தாலியன் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்:

"பொறுங்கோ. யோசிக்கிறன்."