கூலருக்குப் பதிலாக ஒரு கேமரா

கோமதியக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு அலுவலகத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் மயூர் விஹாரில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர். மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாராம், அதோடு சரி. விவரம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "பாவம், தனியா இருந்தவங்க" என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனால் ரிசீவரை வைத்தபோது எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரத்தில் அவருடைய பழைய குடியிருப்புக்காரர்களாகிய நாம் எல்லோரும் கூடினோம். வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒருவர் மாற்றி ஒருவர் அதே பாவத்தைத்தான் பாடினார்கள். கல்யாணம் ஆகாதவர், பாவம். பிள்ளை குட்டி இல்லாததால் செடிகளையே பிள்ளைகளாக வளர்த்தார், பாவம். ஊர்ப் பக்கம் போகக்கூடக் கொடுத்து வைக்கவில்லை, பாவம். எனக்கு அன்று பேச வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். கோமதியக்காவைப் போலப் பாவமில்லாத ஒரு பெண்ணை நான் டெல்லியில் பார்த்ததில்லை. அவரை எதிர்த்து நின்றவர்களைத்தான் பாவம் என்று சொல்ல வேண்டும்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். எனக்குக் கோயமுத்தூர். இருவரும் ஒரே அமைச்சகத்தில், ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவருக்குத் தரைத்தளம், எங்களுக்கு நேர் மேலே முதல் மாடி. என் கல்யாணம் முடிந்து நான் டெல்லிக்கு வந்தபோதே அவர் அங்கே பழைய ஆள். வீட்டுக்குப் பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஒரு நிலம். தரைத்தளத்துக்காரர்களுக்கு எல்லாம் அப்படி ஒன்று உண்டு, வேலி போட்டுத் தோட்டம் வைத்துக்கொள்ளலாம்.

டெல்லியில் தோட்டம் என்றால் குளிர்காலத் தோட்டம்தான். டேலியாவும் செவ்வந்தியும் பூத்துக் குலுங்கும், பிப்ரவரியில் போட்டி வைத்துக் கோப்பை கொடுப்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் எல்லோரும் கையைக் கழுவிவிடுவார்கள். பள்ளிக்கூடம் மூடியவுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறுவோம். ஜூன் மாதத்தில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும். லூ என்கிற அனல்காற்று அடிக்கும் அந்த மாதங்களில்தான் கோமதியக்காவின் தோட்டம் செழிக்கும். புடலைப் பந்தல், வெண்டை, பாகல், தண்டுக்கீரை, வேலியோரம் கோழிக்கொண்டை, வாசல்படியைச் சுற்றி வெயில் ஏறினால்தான் வாய் திறக்கும் டேபிள் ரோஸ். அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், எதையும் சாக்கடைக்கு விட மாட்டார். "ஊருக்குப் போகலையாங்க்கா?" என்று ஒரு வருடம் கேட்டேன். "நான் ஊர்லதானட்டி இருக்கேன்" என்றார், களைக்கொத்தைக் கீழே வைக்காமலே.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் வந்தது வினை. குடியிருப்பில் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. பின்புற நிலங்களை எடுத்து வரிசையாக ஷெட் போட்டுவிடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, தோட்டமாகப் பராமரிக்கப்படாத நிலங்கள் திரும்ப எடுக்கப்படும் என்று குவார்ட்டர்ஸ் அலுவலகத்தார் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜூன் மாதம் ஒரு வேலை நாளில், நாங்கள் எல்லாம் அலுவலகத்தில் இருக்கும்போது, பார்வையிட வந்தவர் வெயிலுக்குப் பயந்து தெருமுனையிலேயே நின்று பார்த்தார் போலும். வரிசை மொத்தத்தையும் தரிசு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆட்சேபணை இருந்தால் மாத முடிவுக்குள் ஆதாரத்தோடு வரலாம் என்றார்கள்.

ஆதாரத்துக்கா பஞ்சம்? அக்காவிடம் ஒரு பெட்டிக் கேமரா உண்டு. வருடா வருடம் தோட்டத்தில் எடுத்த படங்கள் ஆல்பம் நிறைய இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி பஞ்சாபிக்காரர், மரியாதை தெரிந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மெல்லச் சிரித்தார். "மேடம்ஜி, சாடியாங் தோ பஹுத் திக் ரஹீ ஹைங். பகீச்சா கஹாங் ஹை?" புடவைகள் நிறையத் தெரிகின்றன, தோட்டம் எங்கே என்று கேட்கிறார்.

எட்டிப் பார்த்தேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. புடலைப் பந்தலை மறைத்துக்கொண்டு நான், என் வீட்டுக்காரர், இடுப்பில் பெண். கோழிக்கொண்டையை மறைத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்த அவருடைய தம்பி குடும்பம். வெண்டைக்கு முன்னால் எங்கள் பிரிவு மொத்தமும், பள்ளிக்கூடப் படம் போல இரண்டு வரிசையாக. நம் ஆட்கள் யாராவது வெறும் செடிக்கு ஃபிலிமைச் செலவு பண்ணுவார்களா? பூ நன்றாக இருந்தால் அதன் முன்னால் போய் விறைப்பாக நிற்பதுதான் நமக்குத் தெரிந்த படம். அத்தனை வருடத் தோட்டமும் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் தலைகளுக்கு நடுவே தெரிந்த கொஞ்சமும் சாம்பல் நிறத்தில் சேறா இலையா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஆல்பத்தை மறுபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தார். இறங்கியதும், "நல்ல கேமரா ஒண்ணு வாங்கப் போறேன்" என்றார்.

அந்த வருடம் அறையைக் குளிர்விக்கும் கூலர் வாங்குவதற்கென்று அவர் பணம் சேர்த்து வைத்திருந்தது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தரைத்தளமானாலும் மே, ஜூனில் அந்த அறைகள் அடுப்புதான். என் வீட்டுக்காரர் கேலி செய்தார். "ஏனுங் கோமதியம்மா, கேமராவுக்கு முன்னால உக்காந்தா காத்து வருமுங்களா?" அக்கா விடவில்லை. "வேர்த்தா தொடச்சிக்கிடுவேன். தோட்டம் போச்சுன்னா எதை வச்சித் தொடைக்கது?" என்றார்.

சாந்தினி சௌக்கில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்கினார். லென்ஸைத் திருகினால் பக்கத்தில் இருப்பதும் துல்லியமாகத் தெரியும். பெட்டிக் கேமராவில் பக்கத்தில் போனால் எல்லாம் மங்கிவிடும், இதிலோ பாகல் கொடியின் சுருளில் உட்கார்ந்திருக்கும் எறும்பு வரை பிடிக்கலாம். கடைக்காரர் பூப்போட்ட உறை ஒன்றை நீட்டி, "பெஹன்ஜி, யே லேடீஸ் கே லியே", இது பெண்களுக்கானது என்றாராம். "எனக்கு உறை வேண்டாம், வண்ண ஃபிலிம் வேணும்" என்று அவருடைய இந்தியில் ஒரு போடு போட்டுவிட்டு வந்ததை அலுவலகத்தில் நடித்தே காட்டினார்.

முதல் ரோல் பாழாய்ப் போனது. வெளிச்சம் எவ்வளவு அதிகமோ படம் அவ்வளவு நன்றாக வரும் என்று பெட்டிக் கேமரா நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்ததே, அதை நம்பி உச்சி வெயிலில் எடுத்துத் தள்ளிவிட்டார். வந்த படங்களில் இலைகள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தன. காலையில் எடுக்கலாம் என்றால் டேபிள் ரோஸ் கண்ணைத் திறக்காது. அதை விட்டுவிடுங்கள் என்றேன். "அது இல்லாம என் தோட்டம் எப்படிட்டி? இந்த வெயிலுக்கே பூக்கது அது ஒண்ணுதான்" என்றார். பிறகு எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த எட்டு முழ வேட்டியை உருவினார். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துச் செடிக்கு மேலே பந்தல் போல விரித்தோம். வெயில் அந்த வெள்ளைத் துணியில் வடிந்து பதமாக இறங்கியது. ஒவ்வொரு பூவும் அதன் நிறத்துக்கு வந்து நின்றது. மண்டை பிளக்கும் மத்தியானத்தில் வேட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் எங்களைப் பார்த்து எதிர் வரிசைக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா தலை நிமிரவே இல்லை.

கேமராவைக் கண்டால் சும்மா இருப்பார்களா? ஊருக்குப் போகாத நாலைந்து குடும்பங்கள் தலை வாரிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்து பந்தலடியில் நின்றன. "தள்ளி நில்லுங்க. புடலங்காயை மறைக்காதிய" என்று ஒரே போடு. சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரிடம் அதற்கு மன்னிப்பு எல்லாம் கிடையாது.

இந்த முறை படங்கள் அருமையாக வந்தன. பனி போலப் பூத்த புடலம்பூ, பச்சை மாறாத வெண்டை, தீயாய்க் கோழிக்கொண்டை. நான் எங்கள் அப்பாரு தோட்டத்தில்கூட அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. வெற்றி நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அதிகாரியின் மேசையில் பரப்பினோம். அவர் வியந்து வியந்து பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். இதில் மனிதர் யாருமே இல்லையே, இது உங்கள் தோட்டம்தான் என்று எப்படி நம்புவது? லோதி தோட்டம் மாதிரிப் பொதுப் பூங்காவில் போய் எடுத்திருந்தால்?

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் இருந்தால் தோட்டம் இல்லை, தோட்டம் இருந்தால் ஆட்கள் இல்லை. அக்கா அழவில்லை, கெஞ்சவில்லை. படங்களை நிதானமாக அடுக்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை மத்தியானம் நீங்களே வாங்க. பன்னிரண்டு மணிக்கு வாங்க. தெருமுனையில் நிற்காமல் உள்ளே வாங்க. வராவிட்டால், வரப் பயந்தார்கள் என்று நான் மேலிடத்துக்கு எழுதுவேன்" என்றார் இந்தியில். குரல் உயரவே இல்லை.

அவர் வந்தார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வந்தார். அக்கா பானையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு அந்த மனிதர் பந்தலுக்குக் கீழே போனார். ஒரு புடலங்காயைத் தொட்டுப் பார்த்து, "ஜூன் மேங்?", ஜூனிலா என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

"சாப், அங்கேயே நில்லுங்க" என்றார் அக்கா. கேமராவைக் கண்டதும் அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். விறைத்து நின்றார். பாதிப் புடலைப் பந்தலை அவர் உடம்பு மறைத்தது. அந்த ஒருவரை மட்டும் அக்கா தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பின்னால் வீட்டு எண் தெரிகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து பார்த்து எடுத்தார்.

அந்தப் படத்தைத்தான் ஆட்சேபணையோடு சேர்த்துக் கொடுத்தார். தரிசு என்று எழுதிய கோப்பில், பச்சைப் பந்தலுக்குக் கீழே அதே அலுவலகத்தின் அதிகாரி தலைவாரிச் சிரித்துக்கொண்டிருந்தார். யார் என்ன செய்ய முடியும்? அக்காவின் நிலம் வரிசையின் நட்டநடுவே இருந்தது. அது தப்பிய பிறகு ஷெட்டை நேர்கோட்டில் போட முடியவில்லை, திட்டமே அப்படியே கிடந்து மட்கிப்போனது. அதிகாரி தனக்கு ஒரு பிரதி கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல அட்டையில் ஒட்டிக் கொடுத்தார் அக்கா. அந்தக் கோடை முழுவதும் கூலர் இல்லாமல்தான் கிடந்தார். ஒரு நாள்கூட அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றதும் தம்பி வந்து கூப்பிட்டார். வீட்டில் பின்கட்டு அறை காலியாக இருக்கிறது, வயசான காலத்தில் எங்களோடு வந்து இருங்கள் என்றார். நானும் அப்போது கூட இருந்தேன். "ஒன் வீட்டுல எனக்கு எடம் இருக்கு, சந்தோசம். இங்க எனக்கு வீடே இருக்கு" என்று சொல்லிவிட்டு மயூர் விஹாரில் தன் பேரில் பதிவு செய்து வாங்கியிருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்குக் குடிபோனார். மண் மூட்டையைப் படி ஏற்றித் தர ஆள் கிடைக்காதபோது, ஒரு வாளி மண்ணோடு தானே ஏறினார். அந்த மாடிக்கு நான் போன மே மாதமெல்லாம் டேபிள் ரோஸ் பூத்திருந்தது.

இவரையா பாவம் என்கிறோம்? வேண்டும் என்று நினைத்த இடத்தில், வேண்டும் என்று நினைத்ததை, யாரும் வளர்க்காத பருவத்தில் வளர்த்தவர். பிள்ளைகளுக்குப் பதிலாகச் செடி வளர்த்தார் என்று சொல்லாதீர்கள். செடி பிடித்தது, அதனால் வளர்த்தார். அவ்வளவுதான். அவர் போனதில் எனக்குத் தாங்க முடியாத துக்கம் இருக்கிறது. ஆனால் அது என் துக்கம், அதை அவர் வாழ்க்கையின் மேல் பூச எனக்கு உரிமை இல்லை.

கேமரா தம்பி மகனிடம் போயிற்று. தொட்டிகளை மாடி வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது வேறு. சென்ற மாதம் என் கொழுந்தனார் ஊரிலிருந்து டிரங்க் காலில் பேசினார். அண்ணனுக்கு ரிட்டயர் ஆகப் போகிறது, டெல்லியில் இனி உங்களுக்கு என்ன இருக்கிறது, இங்கே வந்துவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்தக் குடும்பத்தில் நான் எதற்கும் மாற்றுச் சொன்னவள் இல்லை. ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"நாங்க வரலீங்க" என்றேன். "இங்கதான் இருக்கப் போறோம்."