மருதம்பட்டை தேடி ஆரணிக்கு

2003 ஜூலை. காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். ஆரணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

“பட்டுப்புடவை எடுக்கவாம்மா?” என்றார் கண்டக்டர்.

“மருதம்பட்டை வாங்க” என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்த என் வீட்டுக்காரர், ஆரணி நெசவாளர் முருகேசன் வெறும் மருதம்பட்டைக் கஷாயத்திலேயே குணமானார் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது! நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பத்தரைக்கு முருகேசன் வீடு. தறியில் அரக்கு நிறப் புடவை, கரையில் ஜரிகை மாங்காய்கள். அப்பப்பா, என்ன அழகு! கால்மிதியை அவர் மிதிக்கிற வேகத்தைப் பார்த்தால் நெஞ்சுவலி கண்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுப்பில் பக்கத்து ஊரான படவேட்டிலிருந்து வந்த மருதம்பட்டை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு நாக்கைச் சுருட்டியது.

“இதாங்க என்னைக் காப்பாத்திச்சு” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அவர் மனைவி சரோஜா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். அரிசி டப்பாவில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“இத்த அவரு முழுங்கினாத்தான் கஷாயம் குடுப்பேன். அதுவும் டாக்டர கேட்டுட்டுத்தான். வெளிய சொல்லிடாதீங்கக்கா. தறியில ஏத்தின ஒரு பாவு நூல நெய்ஞ்சி முடிக்க மாசக்கணக்காவும். இன்னும் சீக்காளின்னு தெரிஞ்சா, பாதியில நின்னுடும்னு முதலாளி பாவு நூலே தரமாட்டாரு.”

 நேரே தறிக்குப் போய், “உங்களை நம்பித்தாங்க என் வீட்டுக்காரர் மாத்திரையை விட்டுட்டார்” என்று போட்டு உடைத்தேன். தறிச் சத்தம் நின்றது.

“அய்யய்யோ! ஜல்தி வாங்கம்மா, போன் போடலாம்.”

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கதவு கிடையாது. வாசலில் முதலாளியின் கணக்கப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். முருகேசன் அவரைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு, நான் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்த ரிசீவரை வாங்கினார்.

“சார், ஆரணி முருகேசன் பேசறேன். கஷாயம் குடிக்கிறது மெய்தான். ஆனா மாத்திரையும் போட்டுகினுதான் கீறேன், ஒரு நாள் விட்டதில்ல. நான்தான் மறைச்சிட்டேன். இன்னிக்கே டாக்டராண்ட போங்க சார்.”

கணக்கப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். முருகேசனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

இரண்டு மணி பஸ்ஸுக்குச் சரோஜா பட்டைப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“என்னால உங்க பாவு போயிடுமேம்மா.”

“போனா போவட்டும்க்கா. உங்க வீட்டுக்காரரு டாக்டராண்ட கிளம்பிட்டாரா, அத்தச் சொல்லுங்க.”