எக்ஸாஸ்ட் பிரேக்கும் பாலேக் பூலாவ் இறக்கமும்

ஜெலுத்தோங்கில் நான் வேலை பார்த்த லோரிப் பட்டறையில் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் காதால்தான் சரிபார்ப்பார்கள். எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, ஓட்டுநர் சுவிட்சைத் தட்டுவார். வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எல்லோருக்கும் பிடித்திருந்தால் வேலை முடிந்தது. “பூஞி பாகுஸ், சுக்குப் லா,” என்பார் சீன முதலாளி. சத்தம் நன்றாக இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

எண்பதுகளின் நடுப்பகுதியில், டீசல் எஞ்சின் படித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு அங்கே சேர்ந்தேன். சத்தத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. அழுத்தமானி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். முதலாளி மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தார். என்னுடன் படித்த பெண்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டிய அறைகளில் வேலை செய்தார்கள். நான் அங்கே போகவில்லையே என்று அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. எனக்கு இருந்ததில்லை. காலையில் முக்கி முனகிக்கொண்டு வந்த லோரி மாலையில் சரியாகி வாசலைத் தாண்டிப் போவதைப் பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சிமெண்டு மூட்டைகள் ஏற்றும் லோரி ஒன்று உள்ளே வந்தது. ஓட்டுநர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவியும் இறங்கினார். ஓட்டுநர்கள் மனைவியோடு பட்டறைக்கு வருவது வழக்கமில்லை. அந்த அக்கா நேராக என்னிடம் வந்தார்.

“இந்தப் பிரேக்க இன்னிக்கே சரி பண்ண முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு தங்கச்சி.”

“என்னன்னு பாக்கணும்க்கா.”

“என்னத்தப் பாக்கிறது? போன வாரம் பாலேக் பூலாவ்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு இதுலதான் போனேன். மல எறங்கயில ஒரே கருகல் நாத்தம். கடைசி வளைவுல இவரு மிதிக்கிறாரு, மிதிக்கிறாரு, வண்டி நிக்கல. நான் எல்லாச் சாமியையும் கூப்ட்டுட்டேன்.”

“நின்னுச்சுதானே?” என்றார் கணவர்.

“நின்னுச்சு. ரோட்டோர மேட்டுல ஏறித்தானே நின்னுச்சு?”

இருவரும் மாறி மாறிச் சொன்னதில் நிலைமை எனக்குப் புரிந்தது. ஓட்டுநருக்கு ஆயர் ஈத்தாமைத் தாண்டி மலையேறி பாலேக் பூலாவுக்குச் சிமெண்டு கொண்டுபோகும் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு ஒரு கம்பெனி லோரியில் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூர் வரை ஓடிக்கொண்டிருந்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் அவரை யாரோ மாமா என்று நினைத்து அழுதிருக்கிறாள். இப்போது தினமும் மாலையில் வீட்டுக்கு வருகிறார், மகளும் ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஆனால் அந்த இறக்கத்தில் இனி இந்த வண்டியில் போகக் கூடாது, பழைய கம்பெனிக்கே திரும்பிவிட வேண்டும் என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஜொகூர்க் கம்பெனிக்காரரும் அன்று அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார்.

“மூணு நாளைக்கு ஒரு தடவ பாத்தாலும் மனுசன முழுசா பாக்கணும்,” என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

மலை இறங்கும்போது காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தன் பிடியை இழந்துவிடும். அதற்குத் துணையாகத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். புகை வெளியேறும் குழாய்க்குள் வட்டமான ஒரு தகடு இருக்கும். சுவிட்சைத் தட்டினால் அது திரும்பிக் குழாயை மூடும். வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயே அழுந்தி எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் சக்கரங்களைப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் பிடிப்பு இராது. மிஞ்சினால் எஞ்சினின் வால்வுகள் மூட முடியாமல் தூக்கிக்கொண்டு பிஸ்டனில் அடிவாங்கும். ஆக, அளவோடு இருக்க வேண்டிய அழுத்தம் அது.

எதையும் வரிசைப்படி செய்தால்தான் எனக்கு நிம்மதி. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். எஞ்சினைச் சூடேற விட்டேன். புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இருந்த அடைப்புத் திருகைக் கழற்றி, சுருட்டிய செப்புக்குழாய் வழியாக அழுத்தமானியைப் பொருத்தினேன்; நேராகப் பொருத்தினால் சூட்டில் மானி வீணாகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இந்தப் பிரேக் தானாக விலகிக்கொள்ளும் என்பதால், சோதனை முடியும்வரை ஆக்சிலேட்டரின் கீழிருக்கும் தனிச் சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவைத்தேன்.

“மிதிங்கண்ணே. இப்ப சுவிட்ச தட்டுங்க.”

உறுமல் கேட்டது. நல்ல கனமான உறுமல். முதலாளி தூரத்திலிருந்தே தலையாட்டினார். ஆனால் மானியின் முள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

தகடு எவ்வளவு தூரம் மூட வேண்டும் என்பதை ஒரு திருகு தடுத்து நிறுத்தும். அந்தத் திருகை யாரோ நிறையவே உள்ளே முறுக்கிவைத்திருந்தார்கள். தகடு முழுதாக மூடாமல் சரிந்து நின்றது. கொஞ்சம் வெளியே எடுத்தேன். முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் எடுத்ததும் சரியான அளவுக்கு வந்தது. திருகு நகராமல் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முள் அளவைத் தாண்டிப் பாய்ந்தது. எஞ்சினுக்குள் டக்கு டக்கென்று சத்தம் கேட்டது. உடனே நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் முறை பார்த்தபோது முள் பழையபடி கீழே நின்றது. திருகு அதே இடத்தில்தான் இருந்தது.

“இந்த டக்கு டக்குக்குத்தான் நான் திருகை உள்ள முறுக்கினேன்,” என்றார் ஓட்டுநர் அண்ணன். “முறுக்கினா சத்தம் போயிடும்.”

“சத்தத்தோட சேந்து பிரேக்கும் போயிடும்,” என்றேன்.

“கேட்டுக்கங்க,” என்றார் அக்கா.

சரிந்து நிற்கும் தகட்டின் இடுக்கை நம்பி அழுத்தத்தை நிறுத்த முடியாது. அச்சு ஒரு மயிரிழை ஆடினாலும் அளவு மாறிவிடும். தகடு முழுதாக மூட வேண்டும். ஆனால் முழுதாக மூடினால் அழுத்தம் மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதே என்று யோசித்தேன். எஞ்சினை ஆறவிட்டு, அந்தப் பகுதியைக் குழாயிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துக் கரியைத் துடைத்தேன். தகட்டில் விரல்நுனி அளவுக்குப் பளபளப்பான ஒரு புள்ளி தெரிந்தது. யாரோ வெல்டிங் வைத்து, பிறகு அரத்தால் அழகாகத் தேய்த்திருந்தார்கள்.

“இது யாருண்ணே அடைச்சது?”

“நான்தான் அடைக்கச் சொன்னேன்,” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. “வண்டி வாங்கினதும் எல்லாத்தையும் கழட்டித் தொடச்சேன். துருப்பிடிச்சு ஓட்ட விழுந்திருந்திச்சு. வாசலுக்கு இரும்புக் கேட்டு செய்ற கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்தேன். நல்ல வேல, இல்ல?”

“வேல நல்ல வேலதான். ஆனா அது துரு இல்லண்ணே. லோரி செஞ்ச கம்பெனிக்காரனே போட்ட ஓட்ட.”

கையேட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். தகட்டின் நடுவே அந்தத் துளையும் அதன் அளவும் இருந்தன. மிஞ்சுகிற அழுத்தம் அதன் வழியாக வெளியேறிவிடும் என்று விளக்கினேன். அவர் படத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

“வீட்ல பைப்பு ஒழுகுது, மாசக்கணக்கா கத்துறேன், அத அடைக்க ஆள் இல்ல. ஒழுங்கா இருந்த ஓட்டையத் தேடிப் போயி அடைச்சிருக்காரு.”

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. என்ன சிரிப்பு என்று கேட்டார். நான் மலாயில் சொன்னதும் தகட்டைக் கையில் வாங்கி, வெல்டிங் வைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “கெட்டிக்கார வெல்டர். நம்ம இடத்துக்கு வருவானா, கேட்டுப் பார்,” என்றார்.

வெல்டிங்கின் மேல் முதலில் சிறிய துளை போட்டு, பிறகு கையேட்டின் அளவுக்குப் பெரிதாக்கினேன். விளிம்புகளைத் தேய்த்தேன். தகடு முழுதாக மூடும்படி திருகை வைத்து, எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினேன். எஞ்சின் மறுபடி சூடானதும் சோதித்தோம். முள் ஏறி, சொன்ன அளவில் நின்றது. மீண்டும் சோதித்தபோதும் அதே இடம்தான். டக்கு டக்குச் சத்தம் இல்லை. உறுமல் மட்டும் முன்பைவிட மெலிந்திருந்தது. அண்ணனின் முகம் வாடிவிட்டது.

“சத்தம் கொறஞ்சிடுச்சே தங்கச்சி.”

“பிடிக்குதான்னு மலையில பாப்போம்ணே.”

அன்றைக்கு ஏற்ற வேண்டிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். நான் நடுவில், அக்கா கதவோரம். துண்டுக் கம்பியை எடுத்துவிட்டேனா என்று கிளம்புமுன் இரண்டாம் முறையும் பார்த்துக்கொண்டேன். ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டும்வரை அக்கா வீட்டுக்கதை பேசிக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் பேச்சு குறைந்தது. உச்சி வந்ததும் சன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டார்.

இறக்கம் தொடங்கும் முன்பே அண்ணன் கியரைக் குறைத்து, சுவிட்சைத் தட்டினார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் லோரி வேகம் அடங்கியது. வளைவுகளுக்கு முன்னால் மட்டும் அவர் கால் பிரேக்கைத் தொட்டது. தொட்டுவிட்டு உடனே விலகியது. ரம்புத்தான் தோட்டங்கள் மெதுவாகக் கடந்துபோயின. பின்னால் வந்த கார் ஒன்று பொறுமையிழந்து ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கருகல் நாற்றம் வருகிறதா என்று முகர்ந்துகொண்டு சன்னலோரம் சாய்ந்திருந்தார்.

சமதரைக்கு வந்ததும், “நிறுத்துங்க,” என்றார் அக்கா.

தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி முன்சக்கரத்தருகே குனிந்தார். விரல்களை நனைத்து, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல, சக்கரத்தின் துளை வழியே தெரிந்த பிரேக் டிரம்மில் சுண்டினார். சூடு மிஞ்சியிருந்தால் தண்ணீர் சுர்ரென்று துள்ளியிருக்கும். அது துள்ளவில்லை, கோடாக வழிந்து இறங்கியது. மறுபக்கச் சக்கரத்துக்கும் போய் அதையே செய்தார். நானும் அண்ணனும் சாலையோரத்தில் நின்றோம். நான் அழுத்தமானியால் பார்த்ததை அக்கா விரலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துமுடிக்கும்வரை எனக்கும் தவிப்பாகத்தான் இருந்தது.

அக்கா நிமிர்ந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“இதுல தோச ஊத்த முடியாது,” என்றார்.

“அப்ப ஜொகூர்க்காரனுக்கு என்ன சொல்றது?” என்று கேட்டார் அண்ணன்.

“வரலைன்னு சொல்லுங்க. வேற என்ன சொல்றது?”

எதிரே இருந்த காப்பிக்கடையில் பொதுத் தொலைபேசி ஒன்று இருந்தது. சட்டைப்பையில் சில்லறையைத் தேடிக்கொண்டே அண்ணன் சாலையைக் கடந்தார். அக்கா படிக்கட்டில் கால்வைத்து மறுபடி லோரியில் ஏறி உட்கார்ந்து, போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை எனக்குப் பாதி கொடுத்துவிட்டுக் குடித்தார். அண்ணன் பேசி முடித்து வந்ததும் சிமெண்டு இறக்க வேண்டிய வீட்டுக்குப் போனோம்.