நடுச்சுவரில் ஒரு வைஃபை பெட்டி

மாதையண்ணன் போய்விட்டார் என்று நம் கேபிள் ஆபரேட்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் ஏணி மேல் இருந்தேன். இறங்கி வந்து இன்னொரு தடவை படித்தேன். ‘ஏழை வீடுகளுக்கு இணையம் கொடுத்த மனிதர்’ என்று கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாக எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் நல்ல பெயர் இவருக்குத்தானா என்று நினைத்தேன்.

கடத்தூரில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் தொழிலுக்கு வந்தவர்கள். இணையம் வந்ததும் நான் கடைவீதியைப் பிடித்தேன், அவர் காலனிக்குப் போனார். அங்கே இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள். கூலி வேலைக்காரர்களுக்கு மாதக் கட்டணம் கட்டுப்படியாகாது. அவர் நடுச்சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, அந்தப் பொந்தில் வைஃபை பெட்டியை வைத்தார். ஒரே இணைப்பு, கட்டணம் ஆளுக்குப் பாதி. “சொவுரு ரெண்டு வூட்டுக்கும் பொதுதானுங்களே, நெட்டு மட்டும் என்னாத்துக்குத் தனித்தனியா?” என்பார்.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் புழுங்கினேன். என் வாடிக்கையாளர்களே “மாதையன் மாதிரி வெச்சுக் குடுங்களேன்” என்று கேட்டதும் பொறுக்க முடியவில்லை. ஒரு இணைப்பு ஒரு வீட்டுக்கு மட்டும் என்பது எங்களுக்கு இணையம் தரும் கம்பெனியின் விதி. அங்கே போன் செய்து அவரைப் போட்டுக்கொடுத்தேன். மறுநாளே காலனியில் இணையம் நின்றது.

மத்தியானம் அவரே என் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன்.

“புள்ளைங்க காலேஜுக்கு அப்ளிகேசன் போடற நேரமுங்க. கம்பெனியில பேசி முடிக்கற வரைக்கும் உங்க லைன்ல இருந்து குடுங்க” என்றார்.

அன்றைக்கே கேபிள் இழுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் என் லைனில்தான் காலனி ஓடியது. நன்றி மட்டும் அவருக்குப் போனது. கம்பெனியோ, இரண்டு வீட்டுக்கென்றே ஒரு பிளானை அவருக்குப் போட்டுக் கொடுத்தது. எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

காரியத்தன்று அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “தெரியுமுங்க. அன்னிக்கே கம்பெனிக்காரங்க உங்க பேரைச் சொல்லிட்டாங்க. ‘பாவம், அவருக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கும், அவருகிட்டயே ஒதவி கேட்டா அது ஆறிடும்’னு சொல்லிட்டுத்தான் உங்க கடைக்கு வந்தாரு” என்றார்.

காலனி இணைப்புகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலை சுலபமாகக் கைக்கு வந்துவிட்டது. போட்டுக்கொடுத்தவனின் உறுத்தலை நினைத்து அவன் கடைப்படி ஏறுகிற மனசு எனக்கு வரவில்லை. மாதையண்ணே, உங்கள் மேல் இருந்த பொறாமை அப்படியே இருக்கிறது. உங்களிடமிருந்து எனக்கென்று மிச்சம் அதுதான், அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.