பங்குனி உத்திரமும் என் பொண்ணு காதும்

கோயில் ட்ரிப்புக்கு வேன் ஓட்டுறவனுக்கு எல்லாக் கோயில் பார்க்கிங்கும் அத்துப்படி, உள்ளே இருக்கிற சாமி முகம்தான் தெரியாது. இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் என் மாதிரி ஆள் வண்டியில ஏறி, பரனூர் டோல்கேட்ல மாட்டிகிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போனவங்களாத்தான் இருப்பீங்க. அதனால உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல.

தாம்பரத்துல தெற்கத்திக்காரங்க ஜாஸ்தி. பங்குனி உத்திரம் வந்தா அத்தனை பேரும் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு ஊருக்குப் போயாகணும். ரயில்ல இடம் கிடைக்காதவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. எனக்கும் சாஸ்தாதான் குலதெய்வம், அம்பாசமுத்திரம் பக்கம். என் பொண்ணு மதி குறைமாசத்துல பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தப்போ, என் மனைவி செல்வி வேண்டிகிட்டா. புள்ள பிழைச்சா உத்திரத்தன்னிக்கு நம்ம சாஸ்தா முன்னாடி, தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்துறேன்னு. புள்ள பிழைச்சுது. இப்போ நாலாங்கிளாஸ் படிக்கிறா. காது மட்டும் இன்னும் மொட்டையா இருக்கு. ஏன்னா ஒவ்வொரு உத்திரத்துக்கும் அவ அப்பன் யாரோ ஒருத்தரோட சாஸ்தாவைத் தேடிப் போயிடுவான்.

லீவு கொடுத்த சாமி

கோவிலம்பாக்கத்துல ஐ.டி. கம்பெனி மேனேஜர் ஒருத்தர். உத்திரத்துக்கு வண்டி வேணும்னு சொல்லி வச்சிருந்தார். நாள் நெருங்கினதும், "அண்ணா, உத்திரம் புதன்கிழமை வருதே, சனி ஞாயிறுல வைக்க மாட்டாங்களா?"ன்னார். நட்சத்திரம் பார்த்து வர்ற நாள் சார், நம்ம ஆபீஸ் லீவைப் பார்த்தா வரும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சவர், "சரி, அந்த சனிக்கிழமை வேற எந்தச் சாமிக்காவது விசேஷம் இருக்கா? அங்க போயிடலாம்"னார். கடைசியில எதுவும் தோதுப்படாம ட்ரிப்பையே கேன்சல் பண்ணிட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! உடனே செல்விகிட்ட பையை எடுத்து வைக்கச் சொன்னேன். மதிக்குப் பட்டுப்பாவாடை வாங்கினோம். அவளோட மாமாவுக்கும் போன் போட்டுத் தயாரா இருக்கச் சொல்லியாச்சு. கிளம்புறதுக்கு முந்தின நாள் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். வருஷா வருஷம் வர்ற கஸ்டமர், பழகின மனுஷன், எப்படி முடியாதுன்னு சொல்றது? போனை எடுத்ததும் அவர் சொன்னது இதுதான்: "லீவு கிடைச்சிடுச்சு அண்ணா, சாமி கண்ணைத் தொறந்துட்டாரு!"

டீச்சர் கேட்ட கேள்வி

உத்திரம்தான் இப்படின்னா, ஆவணியில வேளாங்கண்ணி. சேலையூர்ல ஒரு டீச்சரம்மா, வருஷம் தவறாம கொடியேத்தத்துக்குக் குடும்பத்தோட வருவாங்க. ஒரு தடவை ஸ்கூல் லீவுன்னு மதியையும் முன்சீட்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். அங்க கோயில் பக்கத்துல குழந்தைகளுக்கு மொட்டை போடுறதும் காது குத்துறதுமா ஒரே அமர்க்களம். மதி என் கையை விட்டுட்டுப் போய் அதையே வேடிக்கை பார்த்துகிட்டு நின்னா. காதுல ஸ்டிக்கர் கம்மல், அதுல ஒண்ணு வழியில எங்கேயோ விழுந்துடுச்சு.

டீச்சரம்மா அதைப் பார்த்துட்டுக் காரணம் கேட்டாங்க. வேண்டுதல் கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. மதி தலையைத் தடவிக் கொடுத்தாங்க. "இங்கேயே குத்திடலாம் தம்பி, மாதா யார் புள்ளைன்னு பார்க்க மாட்டாங்க. உங்க சாஸ்தாதான் கோவிச்சுக்குவாரா?"

அக்கரை சாஸ்தா

சாஸ்தா கோவிச்சுக்குவாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா சாமியை மாத்தினா சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்கன்னு நல்லாத் தெரியும். சிட்லபாக்கத்துல ஒரு பேங்க்காரர். தாத்தா காலத்துலயே ஊரை விட்டு வந்துட்டதால எந்த சாஸ்தா தங்களோடதுன்னே அவருக்குத் தெரியாது. யார் யாரையோ விசாரிச்சு, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆத்தங்கரையில ஒரு சாஸ்தான்னு கண்டுபிடிச்சார். போனோம். பொங்கல் வச்சாச்சு, பையனுக்கு மொட்டையும் போட்டாச்சு. சந்தனம் தடவிகிட்டிருக்கும்போது பெரியப்பா மகன்கிட்டேயிருந்து போன். "டேய், நம்ம சாஸ்தா ஆத்துக்கு அக்கரையில இருக்காருடா!"

வண்டியில கூட வந்தவங்க சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிகிட்டாங்க. நானும் சிரிச்சேன். ஆனா, தப்பான கோயிலோ சரியான கோயிலோ, அந்த மனுஷன் புள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டான், நான் வரலையேன்னு இருந்தது. அவர் பையனோட மொட்டைத் தலையையே பார்த்துகிட்டிருந்தார். அப்புறம் என்கிட்ட மெதுவாக் கேட்டார்: "இங்க கொடுத்த முடியை அங்க கணக்குல எடுத்துக்குவாங்களா அண்ணா?"

ரெண்டு சீட்

போன வருஷம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். அம்பாசமுத்திரம் பக்கமே போற பார்ட்டி ஒண்ணு அமைஞ்சுது. ரெண்டு சீட் எனக்கு வேணும், பொண்டாட்டி புள்ள வர்றாங்கன்னு முன்னாடியே பேசிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. செல்வியையும் மதியையும் உட்கார வச்சுகிட்டுப் பல்லாவரத்துல பார்ட்டியை ஏத்தப் போனா, வாசல்ல ரெண்டு ஆள் கூடுதலா நிக்கிறாங்க. அவங்க பெரியம்மாவும் பெரியப்பாவும் திடீர்னு கிளம்பிட்டாங்களாம். வயசானவங்க, ஆசையா வேற நிக்கிறாங்க. யாரை இறக்கி விடுறது?

செல்வியே பையையும் மதியையும் இறக்கிகிட்டா. பட்டுப்பாவாடை கட்டின புள்ள ரோட்டோரம் நின்னு எனக்கு டாட்டா காட்டுது. வண்டியை எடுக்கும்போது எனக்குக் கண்ணு மறைச்சுது. பின்னாடியிலிருந்து அந்தப் பெரியம்மா ஆறுதல் சொன்னாங்க: "குழந்தைக்கு என்னப்பா, அடுத்த வருஷமும் காது அங்கேயேதானே இருக்கப்போகுது?"

தாய்மாமன்

இந்த வருஷம் செல்வி என்னை நம்பல. அவளே ரயில்ல டிக்கெட் போட்டுட்டா. "நீ வந்தா வா, வராட்டி போ. இந்தத் தடவை எம்புள்ளைக்குக் காது குத்துறது குத்துறதுதான்"னு சொல்லிட்டு, மதியோட தாம்பரத்துல ரயில் ஏறிட்டா. நான் திருமுடிவாக்கத்துலேருந்து எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கிற ஒரு கோயிலுக்குப் பார்ட்டியைக் கூட்டிட்டுப் போனேன். புருஷன் லேத் பட்டறையில வேலை, பொண்டாட்டி பேரு ரம்யா. அவங்க குழந்தைக்கும் காதுகுத்துதான். கோயில்ல இறக்கி விட்டுட்டு, அங்கேருந்து ஒரு ஆட்டோவைப் பிடிச்சா எங்க கோயிலுக்கு நேரத்துக்குப் போயிடலாம். ஆட்டோக்காரர்கிட்டயும் பேசி நிறுத்தி வச்சுட்டேன்.

ஏறப் போறேன், ரம்யா ஓடி வர்றா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. ஊருக்கு வர்றதாச் சொன்ன அவ தம்பி கடைசி நேரத்துல லீவு கிடைக்கலன்னுட்டானாம். ஆசாரி ஊசியோட உட்கார்ந்திருக்கார், பின்னாடி பெரிய வரிசை நிக்குது, புருஷன் வீட்டுக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. "வர்ற வழியெல்லாம் உங்களை அண்ணா அண்ணான்னுதானே கூப்பிட்டேன்? அப்போ எம்புள்ளைக்கு நீங்கதானே மாமா? வந்து உட்காருங்கண்ணா."

ஆட்டோவைப் பார்த்தேன், அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தேன். போய் உட்கார்ந்துட்டேன். வரிசை நகர்ந்து எங்க முறை வர்ற வரைக்கும் அந்தக் குழந்தை என் சட்டைப் பித்தானைப் பிடிச்சு இழுத்துகிட்டே இருந்துச்சு. ஊசி இறங்கினதும் வீல்னு கத்தி, என் கழுத்தைக் கட்டிகிட்டுச்சு. அது அழுகை நிக்கிற வரைக்கும் தோள்ல போட்டுத் தட்டிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிஞ்சு போனை எடுத்தா செல்வி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சுபோயிருக்கா. ஒரு போட்டோ மட்டும் வந்திருந்தது. மாமா மடியில மதி, ரெண்டு காதுலயும் தங்கக் கம்மல். கூப்பிட்டேன், மதிதான் எடுத்தா. "வலிச்சுதாடா கண்ணு? ரொம்ப அழுதியா?"ன்னு கேட்டேன்.

"நீதான் இல்லியேப்பா, அப்புறம் யாருகிட்ட அழறது?"ன்னா.

அடுத்த பங்குனிக்கு வண்டி கேட்டு இப்பவே போன் வர ஆரம்பிச்சாச்சு, நானும் வழக்கம்போல "அதுக்கென்ன சார், குடும்பத்தோட வாங்க"ன்னுதான் சொல்லிகிட்டிருக்கேன்.