நடக்க ஏலாத ஆக்கள்

கதிரவெளிச் சாமித்தம்பியிடம் யார் வந்து என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எனக்கு ஒரு குறையும் இல்ல." பாரிசவாதம் வந்து இடது பக்கம் மரத்துக் கிடந்த மனிதர் பேசுகிற பேச்சா இது! வாய் கோணாமல் தப்பியதால்தான் இந்த வீம்பு என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும்.

சண்டை முடிந்த மறுவருசம், வயதானவர்களுக்கு என்ன வைத்தியம் கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று ஆய்வு செய்ய ஆர்த்திகா என்றொரு பிள்ளை மட்டக்களப்பிலிருந்து வந்தாள். போன வீட்டிலெல்லாம் கிழடுகள் ஒரே பாட்டைத்தான் பாடின. நல்லா நடக்கிறம், நல்லாச் சாப்பிடுறம், ஒண்டும் வேணாம். ஊன்றுதடியைப் பாய்க்கடியில் ஒளித்துவிட்டுச் சொன்னவர்களும் உண்டு. பிள்ளைக்குத் தலை சுற்றியது. இத்தனை அடிபட்ட ஊரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லையா?

கடைசியில் சாமித்தம்பியின் வீட்டு வளவுக்கு வந்தாள்.

"நடக்க ஏலுமா ஐயா?"

"ஏன் ஏலாது? கடக்கரைக்குப் போய் வாறனான் புள்ள."

அடுப்படியில் நின்ற மகள் உசாந்தி வெடித்தாள். "முழுப் பொய்! கிணத்தடிக்குப் போகவும் என்ட தோளப் புடிக்கிற மனிசன்!"

சாமித்தம்பிக்குக் கோபம்கூட வரவில்லை. எழும்பினார். கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்து இருந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஆர்த்திகா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையில் கூட்டிய முற்றத்து மணலைப் பார்த்தாள். வலது கால் தடம் தடமாக இருந்தது. இடது கால் போன வழி ஒரே கோடாக இழுபட்டுக் கிடந்தது.

"ஐயா, இந்தக் கால இப்பவே பழக்கினாத் திரும்பும். ஆசுபத்திரியில அதுக்கெண்டே இயன்மருத்துவர் இருக்கார். விட்டா இறுகிப் போயிரும், பிறகு ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலா. நடக்க ஏலாத ஆக்கள ஏத்திப் போக வேன் வரும். ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

அந்தச் சொல்தான் அவர் வாயில் வராத சொல். ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்க, யாரோ வீட்டுக் கதைபோலச் சொன்னார்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று தண்ணீர் அவர் மனைவி அன்னப்பூரணியைப் பனைமரத்தில் அடித்து இடுப்பை முறித்தது. உயிர் தப்பியது, நடை போயிற்று. அடுத்தடுத்த வருசங்களில் குண்டும் செல்லடியும் தொடங்கி, சனம் காட்டுவழியாக நடந்தது. வழியில் ஓர் உழவுமெசின் பின்னால் இழுவைப் பெட்டியோடு நின்றது. "நடக்க ஏலாத ஆக்கள் ஆர்?" என்று ஒருவன் கேட்டான். முந்திக்கொண்டு கையை உயர்த்தியவர் சாமித்தம்பி. இடம் கிடைத்துவிட்டதென்ற சந்தோசம் வேறு, பாவி மனுசனுக்கு! மனைவியைத் தூக்கி இருத்தி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, "நீ போ, நான் பின்னால நடந்து வாறன்" என்றார். உசாந்தி பக்கத்தில்தான் நின்றாள்.

அந்த மெசின் எங்கும் போய்ச் சேரவில்லை. ஊரில் பல பேருடைய தாய்தகப்பன் அதில் ஏறியிருந்தார்கள். எந்தப் பாதையால் போனது, என்ன நடந்தது, யாருக்கும் தெரியாது. முகாம் முகாமாகத் தேடினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்குக் கதிரவெளியில் ஒருவரும் கை உயர்த்துவதில்லை.

சொல்லும்போது சாமித்தம்பி அழவில்லை. அழுகை, பசி, கோபம் எல்லாம் அன்றைக்கே அவரை விட்டுப் போயிருந்தன. ஆர்த்திகாதான் கண்ணைத் துடைத்தாள். உசாந்தி வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றாள். தகப்பன் பிடித்துப் பிடித்து அந்தத் தோள் கன்றிப் போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"சரி, எழுது புள்ள. எனக்கு நடக்க ஏலாது."

சொன்ன கிழமையிலேயே வேன் வந்தது. உசாந்தி பையோடு முதலில் ஏறி, தகப்பனுக்கு இருக்கையைத் துடைத்துவிட்டாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு! சாரதி இறங்கி வந்து கையை நீட்டினார்.

"ஏறுங்க ஐயா."

சாமித்தம்பி கதவைப் பிடித்தார். உள்ளே அயலூர்க் கிழவிகள் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டு இருந்தார்கள். வலது காலைப் படியில் வைத்தார். வைத்த காலை எடுத்து மண்ணில் ஊன்றினார்.

"நீ போ மகள்," என்றார், ஒரு பதற்றமும் இல்லாமல். "நான் பின்னால நடந்து வாறன்."

உசாந்தியின் கையிலிருந்து பை விழுந்தது. அடுத்த கணம் அவள் வேனிலிருந்து குதித்துவிட்டாள். அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். பிறகு வேன் போனது.